பின்சில்லுக் கோணல்

"செயினை மட்டும் இறுக்கிவிடு. மற்றதொண்டும் நான் கேக்கேல்லை."

சப்-இன்ஸ்பெக்டர் யோகராசா யாழ்ப்பாணத்திலிருந்து மட்டக்களப்புக்கு மாற்றலாகி வந்து மூன்று வாரந்தான் ஆகிறது. வாவித் துறைக்கு அரை மைல் இருக்கையில் மோட்டார் சைக்கிளின் செயின் கழன்றுவிட்டது. உச்சி வெயிலில் தள்ளிக்கொண்டு வந்ததில் காக்கிச் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது.

துறையடியில் சைக்கிள் திருத்துகிறவன் குந்தியிருந்து பின்சில்லைச் சுற்றிப் பார்த்தான்.

"சில்லு கோணலா நிக்கிது ஐயா. முந்தி இறுக்கின ஆள் ஒரு பக்கத்து நட்ட மட்டும் திருகியிரிக்கார். இப்பிடியே இறுக்கினா மறுகாவும் கழரும்."

"கழண்டா நான் பாத்துக்கொள்ளுறன்."

"வண்டி உங்கட. வேல என்ட. கோணலா அனுப்ப எனக்கு ஏலாது."

யோகராசாவுக்குச் சுருக்கென்றது. இந்த உடுப்பைப் பார்த்த பிறகும் இப்படிப் பேசுகிறவனை அவர் கண்டதில்லை. ஆனால் அவன் அதற்குள் அச்சு நட்டுகளைத் தளர்த்திவிட்டான்.

"எங்க ஐயா இவ்வளவு அவசரமா?"

"அக்கரைக்கு. பழுகாமத்தில இளையதம்பி எண்டொருத்தன். நிலச் சொந்தக்காரர் போடியாரின்ர நெல் வண்டில் ஏழையும் வயல் வட்டைக்குள்ள மறிச்சு வைச்சவன்."

"விதைச்ச சனத்துக்குப் பங்கு குடுக்காம ஏத்தின நெல்லாமே."

"அதை நீதவான் விசாரிக்கட்டும். என்னட்டை இருக்கிறது அவனைக் கைது செய்யிற பிடிவிறாந்து."

"அப்ப திரும்பி வரக்குள்ள பின்னால ஆள் ஏறும்."

"ஏறும். விலங்கோட."

"ரெண்டு பேர்ட பாரம் எண்டா இன்னும் நேராப் பூட்டணும்."

அவன் ஒரு நீள நூலை எடுத்துப் பின் டயரோடு ஒட்டி முன் டயர் வரை இழுத்துக் கட்டினான். முன்னால் ஒரு விரல் இடைவெளி தெரிந்தது. இடப்பக்கத் திருகை அரைச் சுற்றுத் திருப்பினான். செயினை விரலால் தூக்கித் தளர்வு பார்த்தான். மறுபக்கமும் நூல் பிடித்தான். திருப்தியில்லை. திரும்பவும் தளர்த்தினான்.

அக்கரையிலிருந்து வண்டிகளையும் ஏற்றுகிற படகு புறப்பட்டுவிட்டது. யோகராசாவுக்குத் திடீரென்று விஷயம் பிடிபட்டது.

"வேணுமெண்டு நேரம் கடத்துறாய். இளையதம்பி உனக்குத் தெரிஞ்ச ஆள். அவன் ஓடித் தப்பட்டும் எண்டுதானே இந்த நூல் விளையாட்டு?"

அவன் தலை நிமிரவில்லை. "தெரிஞ்ச ஆள்தான். ஓடுற ஆள் இல்ல."

"உன்னையும் சேத்து உள்ள போடுவன்."

"போடுங்க. நூல் சரியா வந்த பொறகு."

மூன்றாம் முறை நூல் இரண்டு டயர்களையும் இடைவெளியில்லாமல் தொட்டது. இரு பக்கமும் அப்படியே. அவன் அச்சு நட்டுகளை இறுக்கி, சில்லைக் கையால் சுழற்றினான். செயின் சத்தமில்லாமல் ஓடியது.

"ஆள் ஏத்தித்தான் பார்க்கணும். ஓட்டுங்க, நான் பின்னால இரிக்கன்" என்று கையைத் துடைத்துக்கொண்டு ஏறினான்.

பனங்கூடல் வரை போய்த் திரும்பினார்கள். மேட்டில் ஏறும்போதுகூட ஒரு இழுப்பில்லை. வேலை தெரிந்தவன்தான் என்று யோகராசா மனதுக்குள் ஒப்புக்கொண்டார். கோபம் பாதி இறங்கியிருந்தது.

துறையில் படகு வந்து நின்றது.

"சரி, இறங்கு. நான் அக்கரைக்குப் போகவேணும்."

அவன் இறங்கவில்லை. இரண்டு கைகளையும் அவருக்கு முன்னால் நீட்டினான்.

"அக்கரையில உங்களுக்கு வேல இல்ல ஐயா. வண்டிய ஸ்டேசனுக்குத் திருப்புங்க, இளையதம்பி நான்தான்."