கிழிந்த திரை

விண்வெளி நிலையத்தில் இரண்டு வருஷம் வெல்டிங் வேலை பார்த்துத் திரும்பிய மாடசாமியின் உடம்பில் நோயை எதிர்க்கும் சக்தி துளியும் மிச்சமில்லை. யாராவது பக்கத்தில் தும்மினாலே ஆள் காலி என்று டாக்டர் சொல்லியிருந்தார். பிளாஸ்டிக் திரை கட்டிய அறைக்குள் மனைவி செண்பகவல்லிகூட முகமூடியோடுதான் போவாள்.

வரப்புத் தகராறில் கறுவிக்கொண்டிருந்த பங்காளி பலவேசம் அன்று அரிவாளோடு புகுந்து, ஒரே வீச்சில் திரையைக் கிழித்தான். செண்பகவல்லி அரிவாள்மனையைத் தூக்கி அவன் மணிக்கட்டில் இறக்கினாள். சுவரெல்லாம் ரத்தம் தெறிக்க, அலறிக்கொண்டு ஓடினான். மாடசாமி கிழிசலை இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றான்.

கூச்சல் கேட்டுத் தெருவே திரண்டு உள்ளே வந்தது. கிழிசலை விலக்கி நுழைந்த சித்தப்பா, "ஏல, ஒனக்கு ஒண்ணும் ஆவலியே?" என்று அவன் முகத்தைத் தடவினார். ஒருத்தி முந்தானையால் அவன் வேர்வையைத் துடைத்தாள். பின்னால் யாரோ நெஞ்சுச்சளியோடு இருமினார்கள்.

"எல்லாரும் வெளிய போங்க!" என்று செண்பகவல்லி கத்தினாள்.

"பாவம், புள்ள பயந்துட்டா" என்று இன்னும் நெருங்கி வந்தார்கள்.

ரத்தம் சொட்டும் அரிவாள்மனையை அவள் மறுபடி தூக்கினாள். முதல் வெட்டு சித்தப்பாவின் தோளில் விழுந்தது.