விசில் மாப்பிள்ளை

மான்கறியின் முதல் துண்டை மாமனார் தன் கையாலேயே எடுத்து நடுவரின் தட்டில் வைத்தார்.

“சுட்டவருக்குத்தான் முதல்ல,” என்றார்.

மேசையைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். நடுவரின் மனைவி மட்டும் கையில் கரண்டியோடு நின்று கணவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த வீட்டுக்கு வந்து போன இத்தனை வருஷத்தில் அவள் கண்ணில் அப்படி ஒரு பெருமையை அவர் பார்த்ததில்லை.

அவர் கால்பந்து நடுவர். பெரிய ஆட்டங்களுக்கெல்லாம் தேடி வந்து கூப்பிடுவார்கள். கோல் விழுந்து மைதானமே எழுந்து கூத்தாடும்போது, பந்து கையில் பட்டது என்று ஒற்றை ஆளாக நின்று விசில் ஊதி, வாங்காத திட்டெல்லாம் வாங்கியவர்.

ஆனால் இந்த வீட்டில் விளையாட்டு என்றால் வேட்டைதான். மாமனார் வேட்டைக் கழகத்தின் தலைவர். கூடத்து அலமாரி நிறைய அவர் வாங்கிய கோப்பைகள்.

கல்யாணமான புதிதில், இதே மேசையில், பேச்சுவாக்கில் நடுவர் ஒன்று சொல்லிவிட்டார். விளையாட்டு என்றால், விளையாடுகிறோம் என்று இரண்டு பக்கத்துக்கும் தெரிந்திருக்க வேண்டும், மானுக்கு அது தெரியாதே மாமா, என்று.

மாமனாரின் முகம் தொங்கிப்போனது. அன்றிலிருந்து நடுவருக்கு விசில் மாப்பிள்ளை என்று பெயர். முதலில் மனைவியின் அக்காவும் தங்கையும் கூப்பிட்டார்கள், பிறகு பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட. ஒவ்வொரு முறையும் மனைவி ஏதோ வேலை இருப்பதுபோல அடுப்படிக்குள் போய்விடுவாள்.

அவளுக்காகத்தான் இன்று காலை துப்பாக்கியைக் கையில் வாங்கினார்.

மாமனார் கதையை ஆரம்பித்தார். விடிந்தும் விடியாத நேரம். புதருக்குப் பின்னால் ஒரு சலசலப்பு. காற்றாய்ப் பறந்த மான். மாப்பிள்ளை பதறவே இல்லை, திரும்பினார், ஒரே வெடி.

நடுவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மான் ஓடவில்லை.

மாமனார் இவர் தோளைத் தொட்டுக் காட்டிய இடத்தில் அது நின்றிருந்தது. இவருடைய முதல் குண்டு எங்கோ மரத்தில் போய்ப் பட்டது. அந்தச் சத்தத்துக்கும் அது ஓடவில்லை. துள்ளியது, இழுத்தது, மறுபடியும் அதே இடத்தில் வந்து நின்றது. பயத்தில் வெலவெலத்துப் போயிருக்கிறது என்று நினைத்து இவர் இரண்டாவது முறை சுட்டார்.

கிட்டே போனபோதுதான் தெரிந்தது. பின்னங்காலில் சுருக்குக் கம்பி. எலும்புவரை இறங்கியிருந்தது. கம்பி எட்டுகிற தூரத்துக்குப் புல்லே இல்லை. ராத்திரி முழுக்கச் சுற்றிச் சுற்றி மண்ணைக் கிளறிப் போட்டிருந்தது.

இவர் வாயைத் திறப்பதற்குள் மாமனார் சட்டைப் பையிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்தார். கம்பியை வெட்டினார், சுருட்டினார், பையில் போட்டுக்கொண்டார். இவர் முதுகில் ஒரு தட்டு தட்டினார். அவ்வளவுதான். வண்டியில் அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

வேட்டைக்குப் போகிறவர் கட்டிங் பிளேயரை எதற்கு எடுத்து வந்தார் என்று நடுவரும் கேட்கவில்லை.

கதை முடிந்ததும் யாரோ கைதட்டினார்கள். இனிமேல் இந்த வீட்டில் யாரும் அவரை விசில் என்று கூப்பிடக் கூடாது என்று மாமனார் உத்தரவு போட்டார். மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது.

இப்போது சொல்லிவிடலாம். ஒரே ஒரு வாக்கியம். ஊரே எதிர்த்து நின்றபோது சொன்னவர், இந்த ஒரு மேசைக்கு முன்னால் தட்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

தட்டில் இருந்ததை மென்று விழுங்கினார். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் தாங்கவில்லை. எழுந்து, கை கழுவக் கொல்லைக் குழாய்க்குப் போனார்.

பின்னாலேயே சகலையும் வந்தார். மனைவியின் அக்கா புருஷன், வீட்டுக்கு மூத்த மாப்பிள்ளை. ஓடுகிற மானை ஒரே வெடியில் சாய்த்த அவருடைய கதையும் இந்த வீட்டில் பிரசித்தம். அதற்கப்புறம் ஏனோ அவர் வேட்டைக்குப் போனதே இல்லை. கூப்பிடும்போதெல்லாம் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

சகலை குழாயை முழுக்கத் திறந்துவிட்டார். தண்ணீர் விழும் சத்தத்தில் அவர் பேசியது நடுவருக்கு மட்டும்தான் கேட்டது.

“கம்பி எந்தக் கால்ல, சகலை?”

நடுவர் திரும்பிப் பார்த்தார். சகலை இவரைப் பார்க்கவில்லை. சோப்பைத் திரும்பத் திரும்பக் கையில் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“பின்னங்கால்.”

“எனக்கு முன்னங்கால்,” என்று சொல்லிவிட்டு அவர் குழாயை மூடினார்.

உள்ளே வந்தபோது, கடைசிப் பெண்ணைக் கட்டப்போகிறவரை மாமனார் தன் பக்கத்து நாற்காலிக்கு அழைத்திருந்தார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் சாதுவான ஆள். சாப்பாடு முழுக்க வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தார். கல்யாணத்துக்கு முன்னால் அவரையும் ஒரு தடவை காட்டுக்குக் கூட்டிப்போகப் போவதாக மாமனார் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கெல்லாம் வருமா மாமா என்று அவர் நெளிந்தார்.

பிறகு நடுவர் பக்கம் திரும்பினார்.

“அண்ணே, நிஜமாவே ஓடிக்கிட்டா இருந்துச்சு?”

காட்டிலிருந்து திரும்பியதிலிருந்து, உண்மையில் என்ன நடந்தது என்று கேட்டது அவர் ஒருவர்தான்.

மாமனார் நிம்மதியாகப் பல்லைக் குத்திக்கொண்டிருந்தார். சகலை தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினார். தண்ணீர் ஊற்ற வந்த மனைவி, பதிலைக் கேட்டுவிட்டு ஊற்றலாம் என்று செம்போடு நின்றாள்.

“நல்லா ஓடுச்சு தம்பி,” என்றார் நடுவர்.