முடிவைச் சொல்லாதவர்கள்

எங்கள் ஞாயிற்றுக்கிழமைச் சந்திப்புக்கு ஒரே விதிதான்: பார்த்த படத்தைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், முடிவை மட்டும் சொல்லக் கூடாது. செம்பியன் சார் சிபாரிசு செய்த அந்தப் பழைய ஆங்கிலத் துப்பறியும் படத்தை நாங்கள் நால்வரும் ஒரு மாதமாக அப்படித்தான் புகழ்ந்துகொண்டிருந்தோம். ஜன்னல் கம்பிகளின் நிழல் கதாநாயகன் முகத்தில் கோடு கோடாக விழுவதை, மழையில் நனைந்து வந்தவள் கதவைத் தட்டுவதை. நேற்று ரெஜினாதான் பொறுக்க முடியாமல் விதியை மீறினாள். "கடைசியில அவன் கதவத் திறந்ததும் அவ சிரிக்கிறாளே, அத நெனச்சு ஒரு மாசமா சரியா தூக்கமே வரல." செம்பியன் சார் டீயைக் கீழே வைத்தார். "அவ எங்கம்மா சிரிச்சா? அவனச் சுட்டுட்டுல்ல போறா." "வாசல்ல யாருமே இல்லையே சார்" என்றான் காஜா. விளையாட்டில்லை என்பது மூன்று முகங்களிலும் தெரிந்தது. "நீங்க என்ன பாத்தீங்க?" என்று ரெஜினா என்னைக் கேட்டாள். பாதியிலேயே நிறுத்திவிட்டேன் என்று பொய் சொன்னேன். நான் பார்த்ததில் அவன் கதவைத் திறக்கவே இல்லை. நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தான். திரை இருண்ட பிறகும் தட்டும் சத்தம் நிற்கவில்லை. வெளியே நின்றவள் ஆங்கிலத்தில் பேசவில்லை. பதினோரு வருடங்களுக்கு முன் என் தங்கை என் வீட்டு வாசலில் நின்று கூப்பிட்ட அதே குரலில், "அண்ணா, நாந்தான், கதவத் திற" என்றாள்.