ஒற்றை விரல் பிரேக்

"ஐயோ மச்சான், நாலு விரலாலயும் புடிக்காதீங்க! ஒரு விரல் போதும்!"

பிரேமினி கத்தி முடிப்பதற்குள் தர்ஷன் கைப்பிடிக்கு மேலாகப் பறந்து தேயிலைச் செடிகளுக்குள் போய் விழுந்திருந்தான். சைக்கிள் ஒன்றுமே தெரியாத மாதிரி ரோட்டில் சாய்ந்து கிடந்தது.

பிரேமினி பதறிக்கொண்டு ஓடினாள். அவள் தர்ஷனின் அத்தை மகள். சித்திரைக் கடைசியில் அவன் மனைவியாகப் போகிறவள். நுவரெலியாவில் சுற்றுலாப் பயணிகளுக்கு மலைச் சைக்கிள் வாடகைக்கு விடும் கடையில் வேலை. முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடி, புத்தாண்டு லீவு முடியும்வரை என்று இந்தச் சைக்கிளைக் கேட்டு வாங்கி, மரக்கறி லொறியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தாள்.

"அடி கிடி பட்டுருச்சா?"

செடிக்குள்ளிருந்து தர்ஷனின் தலை எழுந்தது. கன்னத்தில் சிராய்ப்பு. ஆனால் வாயெல்லாம் பல்.

"ஏ பிரேமினி, இது பிரேக்கா, பிசாசா?"

அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. தோட்டத்துச் சைக்கிளில் பிரேக் பிடிப்பதென்றால் உயிரைக் கொடுத்து இழுக்க வேண்டும். மழை நாளில் அதுவும் போதாமல் செருப்பை டயரில் வைத்துத் தேய்க்க வேண்டும். பிறந்ததிலிருந்து பழகிய அந்தப் பிடியை இதிலும் பிடித்துவிட்டான்.

"ஒயரையே காணோமே. அப்புறம் எப்புடி புடிக்குது?"

"இந்தக் குழாய்க்குள்ள எண்ணெ இருக்கு மச்சான். நீங்க இங்க அமுக்குனா, அந்த எண்ணெ தள்ளி அங்க சக்கரத்துத் தகட்டக் கவ்வும். ஹைட்ரோலிக் டிஸ்க் பிரேக். நீங்க எவ்வளவு அமுக்குறீங்களோ அவ்வளவுதான் புடிக்கும். கூடவும் புடிக்காது, குறையவும் புடிக்காது."

தர்ஷன் மறுபடி ஏறினான். இந்தத் தடவை ஆள்காட்டி விரல் மட்டும். தூறல் விழுந்து ரோடு வழுக்கிக்கொண்டிருந்தது. செங்குத்தான இறக்கத்தில் விரலை லேசாக மடக்கினான்; சக்கரம் அடங்கியது. கொஞ்சம் விட்டான், உருண்டது. கிறீச் என்ற சத்தம் மருந்துக்கும் இல்லை. சொன்ன பேச்சுக் கேட்கும் சைக்கிளை அவன் அன்றுதான் பார்க்கிறான். சந்தோஷத்தில் அவனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"ஈரத்துலயும் புடிக்குதுடி! நாளைக்கு ஜெயகாந்தன் செத்தான்!"

"அவன் செத்தா என்ன, பொழைச்சா என்ன? எனக்கு உங்க மீசை வேணும்."

விஷயம் அதுதான். வருஷா வருஷம் புத்தாண்டு விளையாட்டு விழாவில் சைக்கிள் போட்டி நடக்கும். இந்தத் தோட்டத்தில் பந்து உருளாத சமதரை ஏது? அதனால் கொழுந்து நிறுக்கும் மடுவத்திலிருந்து மாரியம்மன் கோயில் வரைக்கும் உள்ள இறக்கந்தான் போட்டிக்கான ரோடு. காலைத் தரையில் ஊன்றினால் ஆட்டம் அவ்வளவுதான். போன வருஷம் கோயில் வளைவில் பிரேக் காலை வாரிவிட, தர்ஷன் காலை ஊன்றிவிட்டான். கப், தோட்டத்தின் மேல் டிவிசனைச் சேர்ந்த ஜெயகாந்தனுக்குப் போனது.

அதோடு விட்டானா? தேர்த் திருவிழாவில் வாய்ச்சண்டை முற்றி, அடுத்த முறை தோற்பவன் அந்த இடத்திலேயே மீசையை மழிக்க வேண்டும் என்று ஜெயகாந்தன் சவால் விட்டான். தர்ஷனும் ரோஷத்தில் கையடித்துக் கொடுத்துவிட்டான். கல்யாண நாள் பக்கத்திலேயே வரும் என்பது அப்போது அவன் மண்டையில் ஏறவில்லை.

"மீசை இல்லாம நீங்க பள்ளிக்கூடத்துப் புள்ள மாதிரி இருப்பீங்க. கல்யாண போட்டோவுல நான் உங்க அக்கா மாதிரி நிக்கணுமா?" என்றாள் பிரேமினி.

மறுநாள் மடுவத்தடியில் ஜெயகாந்தன் மீசையை முறுக்கியபடி சைக்கிளைச் சுற்றி வந்தான்.

"என்னடா தர்ஷன், பிரேக்க மாத்துனா ஆள் மாறிருவானா? இந்த ரோடு எனக்குத் தண்ணிபட்ட பாடு."

"பாப்போம்ணே."

பிரேமினி தர்ஷனின் காதருகில் வந்தாள். "யாரையும் பாக்காதீங்க. விரல மட்டும் நெனைச்சுக்குங்க."

விசில் ஊதியது. இரண்டு பக்கமும் கூட்டம் தொண்டை கிழியக் கத்தியது. முதல் வளைவிலேயே மற்றவர்கள் ஒவ்வொருவராகத் தடுமாறிக் காலை ஊன்றி வெளியேறினார்கள். கடைசியில் இவர்கள் இரண்டு பேர் மட்டுமே மிஞ்சினார்கள்.

கோயில் வளைவு வந்தது. ஜெயகாந்தனின் பிரேக் கிறீச்சிட்டது. அவன் சைக்கிள் சர்ரென்று தர்ஷனைத் தாண்டி முன்னே போனது. கூட்டம் 'ஓ'வென்று அலறியது. பிரேமினி துப்பட்டாவைக் கடித்துக்கொண்டு கண்களை இறுக மூடிக்கொண்டாள். தர்ஷன் யாரையும் பார்க்கவில்லை. விரலையும் எடுக்கவில்லை.

கோயில் வாசலில் கட்டியிருந்த கயிற்றை ஜெயகாந்தன் தொட்டபோது, தர்ஷன் இன்னும் வளைவையே தாண்டவில்லை.

ஜெயகாந்தன் சைக்கிளிலிருந்து இறங்கி, திரும்பிப் பார்த்து, மெல்ல மீசையைத் தடவினான்.

ஒலிபெருக்கி கரகரத்தது.

"மெதுவா சைக்கிள் ஓட்டுற போட்டியில, எல்லாருக்கும் கடைசியா வந்து கப்பத் தட்டிக்கிட்டுப் போறவரு, கீழ் டிவிசன் தர்ஷன்! ஜெயகாந்தன் அண்ணே, தடவுனது போதும். சவரக் கத்தியோட ஆள் காத்துக்கிட்டு இருக்காரு, மேடைக்கு வாங்க!"