பதினேழாவது கட்டத்து ஸ்வரம்

ஒரு பழைய ஜாஸ் பாட்டின் முப்பத்திரண்டு தாளக் கட்டங்களையும் அலசி, எந்த ஸ்வரக்கூட்டுக்கு எந்த ஸ்வரம் பொருந்தும் என்று தாளில் எழுதி முடித்தது பென்சில். பெருமையில் அதற்குத் தலைகால் புரியவில்லை. "இதைத் தாண்டி நீ மேடையில புதுசா ஒண்ணும் வாசிச்சிட முடியாது," என்றது சாக்ஸபோனிடம்.

கச்சேரியில் பதினேழாவது கட்டத்தில், தாளில் இல்லாத ஒரு ஸ்வரத்தைச் சாக்ஸபோன் மூன்று முறை வாசித்தது. அரங்கமே கைதட்டியது.

"அது எந்த விதியில வருது?" என்று பிறகு கேட்டது பென்சில்.

"விதியாவது ஒண்ணாவது. பொத்தான் தவறி அமுங்கிடுச்சு. சமாளிக்கத்தான் மறுபடி மறுபடி வாசிச்சேன்."

பென்சில் அசரவில்லை. அந்த ஸ்வரத்தையும் தாளில் ஏற்றி, பக்கத்தில் மூன்று காரணங்களை எழுதியது. "நான் அப்பவே நினைச்சேன்," என்றது.

அன்று முதல் அந்தத் தவறைத் தாளில் உள்ளபடி வாசிக்கச் சாக்ஸபோன் தினமும் பயிற்சி எடுக்கிறது.

"இன்னும் சரியா வரலை," என்கிறது பென்சில்.