காலியில்லாத கட்டில்கள்

நியாயம் அறிந்த பெருமக்களே, இந்த அக்கிரமத்தைச் சற்று வந்து பாருங்கள். வேதியியல் பட்டம் பெற்ற சந்தனச்செல்வி, செவிலியராகும் ஆசையில் ஆலை வேலையை உதறிவிட்டு, இரண்டாம் பட்டத்துக்காகத் தூத்துக்குடியில் கல்லூரி தேடி அலைந்தாள். சென்ற இடமெல்லாம் அவள் கேட்டது ஒன்றே: "நோயாளிகளத் தொட்டுப் பாத்துப் படிக்க முடியுமா?"

"எங்க ஆஸ்பத்திரியில ஒரு கட்டில்கூடக் காலியில்ல, நீங்களே பாருங்கம்மா," என்று ஒரு செவிலியர் கல்லூரியின் முதல்வர், அதன் ஆஸ்பத்திரி வார்டைத் திறந்து காட்டினார்.

உண்மைதான். ஆனால் போர்வைகளுக்கு வெளியே நீண்டிருந்த பாதங்கள் எல்லாம் ஒன்றுபோல வெடித்திருந்தன.

"எல்லாருக்கும் ஒரே சீக்கா, சார்?"

"இது தோல் வார்டும்மா."

கடைசிக் கட்டிலில் இருந்தவள் இவளைக் கண்டதும் போர்வையை முகத்தின்மேல் இழுத்துக்கொண்டாள். சந்தனச்செல்வி அதை மெல்ல விலக்கினாள். காலையில் உப்பளத்துக்குக் கிளம்பிப் போன அவளுடைய அம்மா படுத்திருந்தாள்.

"சத்தம் போடாத, ஏளா. காலேஜச் சோதிக்க வார அதிகாரிமாரு பாத்துட்டுப் போறவரைக்கும் நோயாளி மாதிரி படுத்துக் கெடந்தா உப்பளக் கூலியத் தாரோம்னு லாரியில ஏத்தியாந்தாவ. இங்கன கெடக்கவ எல்லாம் நம்ம அளத்து ஆளுகதான்."

"எந்திரிம்மா, வீட்டுக்குப் போவோம்."

நாளை உங்கள் உயிரைத் தாங்கவேண்டிய கைகள் இந்த வார்டில்தான் பழகுகின்றன. பெற்றோரே, மாணவரே, கட்டில்களைப் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள். சேருமுன் உள்ளே நுழைந்து, படுத்திருப்பவரிடம் பேசுங்கள்!