உறை பிரியாத ஐந்து நட்சத்திரம்

குணாளனின் அலமாரியில் விருது வாங்கிய படத்தின் டிவிடி ஒன்று இருந்தது. தன்னிடமுள்ள படங்களை வரிசைப்படுத்த அவர் கணினியில் ஒரு பட்டியல் வைத்திருந்தார். பத்திரிகை விமர்சனத்தைப் படித்துவிட்டே அதில் விருதுப் படத்துக்கு ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார். இருந்தும் விருதுப் படத்துக்கு வயிறு எரிந்தது. பக்கத்தில் இருந்த ஒற்றை நட்சத்திரச் சிரிப்புப் படம்தான் ஞாயிறு தவறாமல் ஓடியது. இதுவோ மூன்று வருடமாக உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது.

“அவனுக்கு உடம்பெல்லாம் கீறல். அவனிடம் அப்படி என்னதான் இருக்கிறது?” என்று பட்டியலிடம் புலம்பியது.

“அதெல்லாம் எனக்குத் தெரியாதப்பா. அவனை இன்று மச்சினர் இரவல் வாங்கிப் போய்விட்டார். அதைக் குறித்துக்கொண்டேன், அவ்வளவுதான்” என்றது பட்டியல்.

விருதுப் படத்துக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

ஞாயிறு வந்தது. வீட்டில் இருப்பவை, ஐந்து நட்சத்திரம், இன்னும் பார்க்காதவை என்று குணாளன் பட்டியலைச் சலித்தார். திரையில் ஒரே ஒரு பெயர் நின்றது.

“நீதான்” என்றது பட்டியல்.

குணாளன் அந்தப் பெயரையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனார். அதே சிரிப்புப் படத்தைப் புதிதாக வாங்கி வந்து, அலமாரி முன்னால் நின்றபடியே, அதன் உறையைப் பல்லால் கடித்துக் கிழித்தார்.